ஆள் அனுப்பிவைத்த வருஷம்

சேகர்,

இன்னும் ஒரு மணி நேரத்தில் நீ போகும் கல்கத்தா வண்டி பொன்னேரியைத் தாண்டும். முதல் கடிதத்தில் என்னைச் சென்ட்ரலுக்கு வரச் சொன்னாய். நான் பதில் போடவில்லை. இரண்டாவது கடிதத்தில் அதையும் குறைத்துக்கொண்டு, "வண்டி பொன்னேரியில் நிற்காது, ஆனால் மெதுவாகப் போகும். பிளாட்பாரத்தில் நில். என் மேல் கோபம்தான் என்றால் பரவாயில்லை அம்மா, கோபமாகவே நில்" என்று எழுதினாய். அந்த வரியைப் பல முறை படித்தேன். ஆனாலும் நான் அங்கே நிற்கப் போவதில்லை. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில், ஆண்கள் உயர்நிலைப் பள்ளியின் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஜுலைகா கணக்குப் பரீட்சை எழுதுகிறாள். எதிரே வேப்பமரத்தடியில் அவளுடைய தகப்பனார் இப்ராகிம் பாய் மடித்த குடையை முழங்காலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருக்கிறார். அவள் வெளியே வரும்வரை நான் இந்தத் தாழ்வாரத்தை விட்டு நகரக்கூடாது என்பது அவருக்கும் எனக்கும் உள்ள பேச்சு.

நான் வராததற்குக் கோபம் காரணமில்லை. காரணத்தைச் சொல்ல ஒரு வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும். அதில் பெரும்பாலானது உனக்குத் தெரியாது. தெரிந்த பகுதியும் உன் பக்கத்திலிருந்து மட்டுமே தெரியும்.

போன விஜயதசமிக்கு நீ வீட்டில் இருந்தாய். பக்கத்து வீடுகளில் புத்தகங்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டில் அந்த வழக்கம் இல்லை, எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. அதற்குப் பதிலாக நான் ஒரு நோட்டில், அடுத்த ஒரு வருஷத்தில் செய்து முடிக்க வேண்டிய காரியங்களை எழுதினேன். நீ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னம்மா, நீயும் ஐந்தாண்டுத் திட்டம் போடறியா?" என்று சிரித்தாய். பழவேற்காட்டில், வயதுக்கு வந்ததும் ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஐந்து பெண்களுக்குச் சனி ஞாயிறுகளில் பாடம் சொல்லி, பங்குனியில் எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சையைத் தனியாக எழுத வைப்பது என்று எழுதியிருந்தேன். உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்குத் தாவரவியல் பாடப்புத்தகம் ஒன்றைத் தமிழில் எழுதி முடிப்பது என்றும் எழுதியிருந்தேன். மூன்றாவதை நீ படிக்காதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். "சேகரை வேவு பார்ப்பதில்லை." அதுதான் எழுதியிருந்தது.

உன் அப்பா போன நாளிலிருந்து நான் உன்னை வேவு பார்த்துத்தான் வளர்த்தேன். உன் பை, உன் நோட்டு, உன் சிநேகிதர்கள், எதையும் விட்டதில்லை. உனக்குப் பத்து வயதில், நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து ஒரு துண்டின் மேல் பரப்பி வைத்திருந்தாய். ஒவ்வொரு பல்சக்கரத்தையும் கழற்றிய வரிசையில் அடுக்கியிருந்தாய். அந்த வரிசையை நான் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கணக்குப் போட்டாச்சா?" என்றுதான் கேட்டேன். நீ கடிகாரத்தைத் திரும்பப் பூட்டி ஓடவிட்டாய். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல என்பதை ஒரு குணமாகவே நினைத்திருந்தேன். பேச வேண்டிய இடத்தில் பேசாமல், கேட்கக்கூடாததை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது இந்த வருஷம்தான் புரிந்தது.

தை மாதம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. சனிக்கிழமை காலை பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் பழவேற்காடு போய், ஞாயிறு மாலை திரும்புவேன். இப்ராகிம் பாய் கைலி வியாபாரி. தன் வீட்டு மாடியில், கைலி மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, ஐந்து பெண்களுக்கும் எனக்கும் பாய் விரித்துக் கொடுத்தார். "நடுவுல மூட்டை இருக்கேன்னு பாக்காதீங்க டீச்சரம்மா. அதுங்களும் கொஞ்சம் படிச்சுக்கட்டும்" என்பார். அவர் மகள் ஜுலைகாதான் ஐவரில் கெட்டிக்காரி. அந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளியூரிலிருந்து வரும் ஆசிரியைகள் ஆறு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எட்டாவது தேறினால் ஜுலைகா ஆசிரியைப் பயிற்சியில் சேரலாம். அதற்காக அவள் நிக்காஹை இரண்டு வருஷம் தள்ளிப்போட இப்ராகிம் பாய் சம்மதித்திருந்தார். தேறாவிட்டால் அடுத்து வரும் நோன்புப் பெருநாள் முடிந்ததும் கல்யாணம். அவர் கேட்டது ஒன்றுதான். பரீட்சைக்கு அவளை நானே வந்து அழைத்துப் போய், நானே கொண்டுவந்து விட வேண்டும். நான் சரி என்றேன்.

தை கடைசியில், நீ வகுப்புக்குச் சரியாக வருவதில்லை என்று உன் இன்ஜினீயரிங் கல்லூரி ஹாஸ்டலிலிருந்து கடிதம் வந்தது. சோழவரத்தில் யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்கிறது, சிநேகிதன் காரைப் பழுது பார்த்துக்கொண்டு நீ அங்கேயே கிடக்கிறாய் என்று தெரிந்தது. அன்றே மூன்றாவது தீர்மானம் உடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போகாமல் உன் ஹாஸ்டலுக்கு வந்தேன். பிறகு அடுத்த ஞாயிறு. பிறகு சனியும். ஹாஸ்டலில் பார்வையாளர் அறையின் பிரம்பு நாற்காலியில் நான் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்ததும், நீ வந்து வாசலிலேயே நின்றதும் உனக்கு நினைவிருக்கும். அதே நேரங்களில் பழவேற்காட்டு மாடியில் ஐந்து பெண்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை. மாசி முடிவதற்குள் நால்வர் வருவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "டீச்சரம்மாவுக்கு வேலை அதிகம்" என்று சொல்லிக்கொண்டார்களாம். தாவரப் புத்தகம் வேர்களைப் பற்றிய மூன்றாம் அத்தியாயத்தில் நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது.

கவனம் சிதறுவது சோம்பேறித்தனத்தால் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது தவறு. அந்த இரண்டு மாதம் நான் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் ஓடிக்கொண்டேயிருந்தேன். ஒரு நல்ல காரியத்தின் பெயரைச் சொல்லித்தான் இன்னொரு நல்ல காரியத்தைக் கைவிட்டேன். மகனுக்காக ஓடுகிற தாயை யார் தடுப்பார்கள்? நானே என்னைத் தடுக்கவில்லை. இதில் இன்னொன்றும் இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது. நான் ஓடியது முழுக்க உன் எதிர்காலத்துக்காக அல்ல. எங்கள் பள்ளி ஆசிரியைகள் அறையில், "உங்க பையன் இன்ஜினீயர் ஆயிட்டானா?" என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில் சொல்வது என்ற பயமும் கூடவே ஓடிவந்தது. எந்தப் பங்கு அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பங்குனியில் பரீட்சை. முதல் நாள் காலை நான் முதல் பஸ்ஸில் பழவேற்காடு போய் ஜுலைகாவை அழைத்து வர வேண்டும். அதற்கு முந்தின நாள் மாலை வார்டனின் கடிதம் வந்தது. மறுநாள் நீ முதல்வர் முன் ஆஜராகாவிட்டால் உன் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தார். நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, "இக்கடிதம் கொண்டுவரும் எங்கள் பள்ளி ஆயா முனியம்மாளுடன் தங்கள் மகளை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவசர வேலை காரணமாக நேரில் வர இயலவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே பி.ஏ., எல்.டி. என்று பட்டத்தையும் போட்டேன். பள்ளியில் ஒரு வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்க இப்படித்தான் எழுதுவோம், அது போதும் என்று மனதார நம்பினேன். முனியம்மாவைப் பழவேற்காட்டுக்கு அனுப்பிவிட்டு, உன்னை முதல்வரிடம் கூட்டிப் போக நான் சோழவரத்துக்குப் போனேன்.

அங்கே ஓடுதளத்தின் ஓரத்தில் தகர டிரம்களும் வைக்கோல் கட்டுகளும் கிடந்தன. எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டை போட்ட ஒரு மேஸ்திரி என்னை நிறுத்தினார்.

"இன்னாம்மா, யாரத் தேடிக்கினு வந்த?"

உன் பெயரைச் சொன்னேன்.

"சேகர் சாரா? தோ, அந்த வண்டிக்கி அடியில கீறாரு. காலு மட்டும் தெரியுது பாரு, அதான் அவரு. சார்! உங்க டீச்சர் வந்துகிறாங்கோ!"

நான் உன் அம்மா என்று அவரிடம் சொல்லவில்லை. அந்தக் கால்களை என்னால் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை, சேகர். அதுதான் என்னை முதலில் தாக்கியது. நீ வெளியே வந்தாய். முகமெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் நீ பயப்படவில்லை, ஆச்சரியப்பட்டாய்.

"நீ ஏம்மா இங்க இருக்க? இன்னிக்கு உன் பழவேற்காட்டுப் பொண்ணுக்குப் பரீட்சைன்னு சொன்னியே?"

"அதுக்கு ஆள் அனுப்பியிருக்கேன்."

"அப்ப எனக்கும் ஒரு ஆள அனுப்பியிருக்கலாமே" என்றாய். பிறகு, "போம்மா. போய் உன் வேலையப் பாரு" என்றாய்.

அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். உச்சிவெயில் வரை ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தேன், நீ மனம் மாறுவாய் என்று. நீ திரும்ப வண்டிக்கு அடியில் போய்விட்டாய். மேஸ்திரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வயசுப் புள்ளம்மா. கிட்ட நின்னா முறுக்கிக்கும்" என்றார். அன்றோடு கல்லூரியில் உன் பெயர் போயிற்று. மாலையில் பொன்னேரி திரும்பியபோது முனியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், தனியாக.

"அந்த பாய் லெட்டர ரெண்டு தரம் படிச்சாரும்மா. மடிச்சு என் கையிலயே குட்த்துட்டாரு. டீச்சரம்மா வந்தா அனுப்பறேன்னு சொன்னேன், லெட்டர் வந்தா அனுப்பறேன்னா சொன்னேன்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது? அந்தப் பொண்ணு பேனாவுக்கு மசி ஊத்திக்கினு மாடிப்படியிலயே குந்தினு இருந்துச்சும்மா. நான் பஸ்சு ஏறுற வரைக்கும் அங்கதான் குந்தினு இருந்துச்சு."

ரயில் ஊதுகிறது. உன் வண்டி.

எழுந்து நின்றேன். நான் எழுந்ததை இப்ராகிம் பாய் பார்த்தார். முனியம்மா இன்றும் துணைக்கு வந்திருக்கிறாள். "நான் வேணா ஓடிப்போயி கை காட்டிட்டு வரட்டுமாம்மா? புள்ள ஏமாந்துடுமே" என்றாள். வேண்டாம் என்றேன். என் கைக்குப் பதிலாக அவள் கையை நீ பார்ப்பதைவிட வெறும் பிளாட்பாரத்தைப் பார்ப்பது மேல் என்று தோன்றியது. அப்போது மரத்தடியிலிருந்து இப்ராகிம் பாய், "மவன் வண்டியா? போய்ட்டு வாங்க டீச்சரம்மா. பத்து நிமிசம்தான, நான் இங்கதான கீறேன்" என்றார். அவர் மனதாரச் சொன்னாரா, என்னைச் சோதித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். நான் உட்கார்ந்துவிட்டேன். வண்டிச் சத்தம் வடக்கே கவரைப்பேட்டை பக்கம் போய் அடங்கும்வரை பேனாவைக் காகிதத்தில் வைக்க முடியவில்லை. இப்போது நீ ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பாய்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சை முடிந்த வாரம் நான் பழவேற்காடு போனேன். இப்ராகிம் பாய் முகம் சுளிக்கவில்லை. "வாங்க, குந்துங்க" என்று டீ வரவழைத்தார். "மவன் கெடச்சானா?" என்று கேட்டார். முனியம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"கிடைக்கலை" என்றேன்.

"நாங்க கைலி விக்கிறவங்க டீச்சரம்மா. பச்சை கேட்டா, பச்சை இல்லன்னு சொல்லிடுவோம். செவப்ப மடிச்சு மேல ஒரு சீட்டு எழுதி வெச்சு அனுப்ப மாட்டோம்."

"பயந்துவிட்டேன் பாய். என் பையன் கெட்டுப்போய்விடுவான் என்று..."

"அது தப்புன்னு நான் சொல்லலியே. பெத்தவங்க ஓடத்தான் செய்வாங்க. ஆனா என் மவளப் பாருங்க. இந்த ஊட்டு வாசல்லேந்து பஸ்சு நிக்கற எடம் வரைக்கும் நடக்கறதே அவளுக்கு ஒரு ஊரு தாண்டற மாதிரி. தெருவே பாக்கும். அவ கூட நடக்கத்தான் நீங்க வேணும்னேன். பரீட்சை எழுதறதுக்கா? அத அவளே எழுதிடுவா."

திரைக்குப் பின்னாலிருந்து ஜுலைகாவின் குரல் வந்தது. "வாப்பா, புரட்டாசியில மறு பரீட்சை இருக்கு." அவர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். நான்கு ஞாயிறுகள் டீ வந்தது, ஊர்ப்பேச்சு வந்தது, ஜுலைகா வரவில்லை. ஐந்தாவது ஞாயிறு மூட்டைகள் ஒதுக்கப்பட்டிருந்தன, பாய் விரித்திருந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு ஞாயிறும் தவறவில்லை. உனக்குச் சோழவரத்தில் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட ஞாயிறும் தவறவில்லை. கல்கத்தாவில் மோட்டார் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது, வந்து பேசு என்று நீ கூப்பிட்ட ஞாயிறும் தவறவில்லை. "முன்பெல்லாம் வேண்டாம் என்றாலும் வந்தாய், இப்போது கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறாய்" என்று எழுதினாய். தோற்றவனை அம்மா தலைமுழுகிவிட்டாள் என்று நினைத்திருக்கிறாய். இல்லை, சேகர். உன்னைப் பார்க்க வேறு கிழமையில் வந்திருக்கலாம், அல்லது ஏன் வரவில்லை என்று நான்கு வரி எழுதியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றதைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் இருப்பதுதான் கவனம் என்று நினைத்து, இந்த முறை எதிர்ப்பக்கமாகத் தவறு செய்தேன். ஐம்பது நெருங்குகிற வயதில் இது எனக்குப் பெருமை தரும் விஷயமல்ல.

உனக்கு அறிவுரை என்று பெரிதாக எதுவும் சொல்ல என்னிடம் இல்லை. இவ்வளவு மட்டும் சொல்லலாம். பட்டறையில் உன்னை நம்பி ஒருவர் ஒரு வண்டியை விட்டுப்போனால், அதை நீயே முடித்துக் கொடு. முடியாது என்றால் அவர் முகத்தைப் பார்த்து, முடியவில்லை என்று சொல். நான் அன்று பஸ் பிடித்துப் போய் இப்ராகிம் பாயிடம் நேரில், "இன்று என்னால் முடியாது" என்று சொல்லியிருந்தால், இன்று வந்திருப்பதுபோல் அன்றும் அவர் தானே அவளை அழைத்து வந்திருப்பார். இதை அவரே போன மாதம் என்னிடம் சொன்னார். எனக்கு அது தோன்றவே இல்லை. படித்தவளுக்குக் காகிதத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

இன்னொன்று. நீ கல்லூரியை விட்டது சரி என்று நான் இன்னும் நினைக்கவில்லை. ஆனால் அன்று சோழவரத்தில் நீ சொன்னது சரி. என் வேலை வேறு இடத்தில் காத்துக்கொண்டிருந்தது.

மணி அடித்துவிட்டார்கள்.

ஜுலைகா வந்துவிட்டாள். வந்தவள் என்னைப் பார்க்காமல் நேரே அவள் தகப்பனாரிடம் போனாள். நானும் போய் நின்றேன்.

"எப்டிம்மா?" என்றார்.

"அஞ்சு கணக்கு வாப்பா. மூணு சரியா போட்டேன். ரெண்டு பின்னக் கணக்கு, விட்டுட்டேன். அது மாசி மாசத்துப் பாடம். டீச்சர் அப்ப வரல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. விடையைச் சொல்வதுபோல் சொன்னாள். இப்ராகிம் பாய் என் பக்கம் திரும்பினார்.

"ஆமாம் பாய். நான் நடத்தவில்லை. பிறகு நடத்தியதிலும் அவசரப்பட்டேன்" என்றேன்.

"மூணு போதுமா?"

"தெரியாது. போதலாம். மற்ற தாள்களைப் பொறுத்தது."

அவர் குடையை விரிக்காமலே தரையில் ஊன்றினார். "நாளைக்கி இன்னா பரீட்சை?"

"விஞ்ஞானம், வாப்பா. இலை எப்படிச் சாப்பாடு செய்யுதுங்கற பாடம் எனக்கு இன்னும் சரியா வரல."

"அப்ப இன்னும் இன்னாத்துக்கு நின்னுக்கினு கீறீங்க ரெண்டு பேரும்? டீச்சரம்மா, பஸ்சு மூணு மணிக்கிதான். அது வரைக்கும் குந்தி சொல்லிக் குடுங்க. நாஷ்டா நான் வாங்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் கடைத்தெருப் பக்கம் போனார். மகளை என்னிடம் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஜுலைகா மரத்தடியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்துவிட்டாள். எட்டிப் பறித்த ஒரு வேப்பிலை அவள் கையில் இருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது, ஆனால் அவள், "டீச்சர்" என்று இரண்டாம் முறை கூப்பிடுகிறாள்.

அம்மா